கண் திறந்த வாடகைப் படம்

ரதி தன் ஓவியங்களை விற்பதில்லை, வாடகைக்கு விடுவாள். பகாவ் டவுன் மருந்தகத்தில் மூன்று மாதம் தொங்கும் படம் அடுத்து கோலா கிளாவாங் சாப்பாட்டுக் கடைக்குப் போகும். அங்கிருந்தது வேறு சுவருக்குப் போகும். ஒரு படம் நின்றுவிட்டால் எல்லாமே நின்றுபோகும். அந்தச் சுற்றில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது.

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குக் குலை ஏற்றும் லாரி விடும் குத்தகைக்காரன் யோகேந்திரன், முனியாண்டி படத்தை வாடகைக்குக் கேட்டபோது அவள் ஒரு முட்டாள்தனம் செய்தாள். கண்மணிகளை வரையாமலேயே கொண்டுபோய் அவன் ஆபீஸ் சுவரில் மாட்டினாள். பிறகு கற்பூரம் எரிய, எல்லோர் முன்னாலும் தூரிகையால் கண் திறந்தாள். நாலு பேர் பேசினால் நாலு சுவர் கிடைக்கும் என்ற ஆசை. கண் திறந்தபின் அது படமா, சாமியா என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். எங்கே யோசித்தாள்!

தவணை முடிந்ததும் மாற்றுப் படத்தோடு தன் வேனில் அவன் ஆபீசுக்குப் போனாள். முனியாண்டி காலடியில் சேவல் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. பக்கத்தில் சுருட்டு, சாராயம், சேவலை வெட்டிய பாராங் கத்தி.

“அண்ணே, மூணு மாசம் முடிஞ்சிருச்சு. இத எடுத்துட்டு புதுச மாட்டிடுறேன்.”

“என்னா பேச்சு பேசுற? சாமிய யாராச்சும் கழட்டுவாங்களா? இவரு வந்ததுலேருந்து என் லாரி ஒன்னுகூட படுக்கல. போ லா!”

“நீங்க குடுக்கலன்னா மத்தவங்களும் குடுக்க மாட்டாங்கண்ணே. இது என் படம்.”

“படமா? நீதான கண்ண தொறந்த?”

ரதி நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிச் சட்டத்தைப் பிடித்தாள்.

யோகேந்திரன் அவள் பின்னலைப் பிடித்து இழுத்தான். மேசை முனையில் வாய் மோதி முன்பல் உடைந்தது. எழப் பார்த்தவளை விலாவில் உதைத்தான், மறுபடியும் உதைத்தான். சாமிக்கு முன்னால் ஒரு பெண்ணைப் போட்டு மிதிக்கிறவனுக்குப் பக்தி ஒரு கேடு!

“மொதலாளி, வேணாம்!” என்று லாரி டிரைவர் சன்னாசி வாசலிலிருந்து ஓடிவந்தான். அதற்குள் யோகேந்திரன் பாராங்கை எடுத்து வீசிவிட்டான். தடுக்க நீட்டிய அவளுடைய வலது முன்கையில் வெட்டு ஆழமாக இறங்கியது. சன்னாசி அவனை இடுப்போடு கட்டிப் பிடிக்க, கத்தி தரையில் விழுந்தது.

ரதி அதை இடது கையால் எடுத்தாள். யோகேந்திரன் பயந்து கத்தினான். அவள் அவனைப் பார்க்கவேயில்லை. நாற்காலியில் ஏறி, தான் திறந்த இரண்டு கண்களையும் குறுக்கே கிழித்தாள்.

பின்னமான முகத்துக்கு அந்தத் தோட்டத்தில் எவனும் விளக்கேற்ற மாட்டான். அப்படியொரு படம் இருக்கிற இடம் விளங்காது என்று பயம். யோகேந்திரனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“எடுத்துட்டு போயிரு. இப்பவே எடுத்துட்டு போயிரு!”

சன்னாசி படத்தை அவள் வேனில் ஏற்றி, அவள் கையைத் துண்டால் இறுக்கிக் கட்டி, ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான்.

“படம் கெட்டுப்போச்சேம்மா.”

“கிழிஞ்ச துணியத் தச்சிரலாம் அண்ணே. கண்ணு நான் மறுபடி வரைஞ்சிருவேன்.”

சொல்லிக்கொண்டே வலது கை விரல்களை மடக்கிப் பார்த்தாள். கட்டைவிரல் மட்டும் அசைந்தது. மற்றவற்றை இடது கையால் மடக்கிவிட்டாள். விட்டதும் அவை மறுபடி தளர்ந்து விழுந்தன. அத்தனை அடிக்கும் அழாதவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.