இடப்பக்க நாற்காலி

பெண் பார்ப்பதைப் புதுச்சேரியில் ஒரு ஹோட்டலில் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னவள் கனகாம்பாள்தான்.

"வூட்டுக்கு வரவச்சா எத்தினி பேர் வந்தாங்க, இன்னா கார்ல வந்தாங்கன்னு தெருவே பேசும். இது அப்படி இல்ல ஜெயா. சாயங்காலம் நாம டீ குடிக்கப் போறோம், அவங்களும் டீ குடிக்க வராங்க. புடிச்சா புடிச்சுது. புடிக்கலன்னா டீயோட போச்சு."

ஜெயமணிக்கு அது நல்ல யோசனையாகத் தோன்றியது. அவள் கணவர் வேணு வில்லியனூர் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அந்தத் தெருவில் ஒரு குடும்பத்துக்கு நடந்தது சாயங்காலத்துக்குள் எல்லாக் கல்லாவுக்கும் தெரிந்துவிடும். போன வருஷம் அப்படித்தான் ஆயிற்று.

மகள் கார்த்திகாவுக்கு இடது காது கேட்காது. ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. எல்லோரும் செய்வதுபோல் கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டுவிட்டு, தானாக வடிந்துவிடும் என்று காத்திருந்தார்கள். வீக்கம் வடிந்தது. ஒரு காதும் அதோடு போய்விட்டது. வலது காது நன்றாகக் கேட்கும். படித்து, அரியூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக வேலை செய்கிறாள். பழகியவர்களுக்குக்கூடத் தெரியாதபடி, எங்கே போனாலும் சுவர் தன் இடப்பக்கம் இருக்கும்படி பார்த்து உட்கார்ந்துகொள்வாள்.

போன வருஷம் திண்டிவனத்திலிருந்து வந்த வரனிடம் ஜெயமணி இதைச் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நிச்சயத்துக்குத் தட்டு வைத்த அன்று மாப்பிள்ளையின் அத்தை இடப்பக்கம் நின்று மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். கார்த்திகா திரும்பவில்லை. "செவிட்டுப் பொண்ண மூடி மறைச்சா தள்ளிவிடப் பாத்தீங்க?" என்று அந்த அம்மாள் வாசலில் நின்று கத்தியதைத் தெரு முழுக்கக் கேட்டது.

அன்றைக்குக் கார்த்திகா அழவில்லை. அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"இனிமே மறைக்காதம்மா. ஆனா நீயும் சொல்லாத, வேற யாரும் சொல்லக் கூடாது. என் காது. நான்தான் என் வாயால சொல்லுவேன். கேட்டுட்டு வேணாம்னா போகட்டும்."

தவளக்குப்பத்து வரன் கனகாம்பாள் வழியாக வந்தது. பையன் பெயர் அரிகரன். ஹார்டுவேர் கடை. அவன் அம்மா வேதவல்லி, கனகாம்பாளின் கணவருக்கு ஒன்றுவிட்ட அக்காள். கனகாம்பாளுக்குக் காது விஷயம் முதலிலிருந்தே தெரியும். அந்தக் காய்ச்சலின்போது பக்கத்தில் உட்கார்ந்து நெற்றிக்குத் துணி நனைத்துப் போட்டவளே அவள்தான். அவளும் ஜெயமணியும் ஒரே தெருவுக்கு வாழ வந்தவர்கள். வெள்ளிக்கிழமை கோகிலாம்பாள் சந்நிதிக்கு ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி போனதில்லை.

அந்த வெள்ளிக்கிழமையும் போனார்கள். குங்குமத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஜெயமணி சொன்னாள்: "டீ குடிச்சு முடிச்சதும் அவங்க அம்மாவையும் என்னையும் கூட்டிக்கினு கடற்கரைப் பக்கம் நடந்துடு கனகா. அந்த நேரத்துல கார்த்தி பையன்கிட்ட சொல்லிடறேன்னு இருக்கா."

"தாராளமா."

"அதுக்கு முன்னாடி…"

"இன்னாடி சந்தேகம்? என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது. அம்மா சாட்சி." குங்குமம் இருந்த கையை ஜெயமணியின் கைமேல் வைத்தாள்.

முதல் முறை பார்க்கும்போது வீட்டுப் பெரிய ஆண்கள் வந்தால் பாதி நிச்சயம் ஆனதுபோல் ஆகிவிடும் என்று வேணு கடையிலேயே இருந்துவிட்டார். சனிக்கிழமை பெண்கள் மூவரும் பஸ் ஏறினார்கள்.

கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது அந்த ஹோட்டல். மஞ்சள் சுவர், உயரமான கதவுகள், உள்ளே ஏசி. வேதவல்லியும் அரிகரனும் ஏற்கனவே வந்து, மேசை ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள். கார்த்திகா வழக்கம்போல் ஒரு பார்வையில் இடத்தை அளந்துவிட்டு, சுவரை ஒட்டிய நாற்காலிக்குப் போனாள்.

"அங்க வேணாண்டி, ஜன்னல் வெய்யில் மூஞ்சியில அடிக்கும். கறுத்துப் போய்த் தெரிவ. இங்க வா," என்று கனகாம்பாள் நடுவில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

கார்த்திகா ஒரு கணம் அம்மாவைப் பார்த்தாள். பெரியவர்கள் நிற்கும்போது இடத்துக்காக மறுத்துப் பேசுவது நன்றாக இருக்காதே என்று உட்கார்ந்துவிட்டாள். அவள் வலப்பக்கம் ஜெயமணி. இடப்பக்கம் வேதவல்லி. எதிரே அரிகரனும் கனகாம்பாளும். வெயில் படாமல் பார்த்துக்கொள்கிறாளே என்று ஜெயமணிக்குத் தோழிமேல் அன்புதான் வந்தது.

பரிமாற வந்தவள் நடுத்தர வயதுப் பெண். சட்டையில் ஆரோக்கியசெல்வி என்று பெயர் குத்தியிருந்தாள். டீத்தூள் ஊறும் வெந்நீரை ஒரு பீங்கான் ஜாடியிலும், பாலை ஒரு குட்டிச் சொம்பிலும், சர்க்கரையை ஒரு கிண்ணத்திலும் தனித்தனியாகக் கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னாங்க இது, நாமளே கலந்துக்கணுமா? அப்புறம் எதுக்கு ஹோட்டலு?" என்றாள் ஜெயமணி.

எல்லோரும் சிரித்தார்கள். ஆரோக்கியசெல்வியும் சிரித்தாள். "நான் கலந்து தரேங்க அக்கா. நிறைய பேர் அப்படித்தான் கேப்பாங்க."

"எனக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை," என்றாள் வேதவல்லி. அவளுக்கு அப்படியே கலந்து கொடுத்தாள்.

பிறகு மூன்று அடுக்குத் தட்டு வந்தது. கீழே சாண்ட்விச், நடுவில் குட்டிக் குட்டியாகச் சமோசா, மேலே முட்டை போடாத கேக்குத் துண்டுகள்.

ஜெயமணியின் கண் மேல்தட்டிலேயே நின்றது. அவர்கள் பக்கத்து வியாபாரக் குடும்பங்களில் பெண் பார்க்க வருகிறவர்கள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பிடித்திருந்தால் இனிப்பைத் தொடுவார்கள். பிடிக்கவில்லை என்றால் காரத்தோடு கை கழுவிவிடுவார்கள். திண்டிவனத்துக்காரர்கள்கூடப் பெண் பார்க்க வந்தபோது கேசரி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். வேதவல்லி சாண்ட்விச் ஒன்றை எடுத்துக் கடித்தாள். சமோசாவை உடைத்துப் பார்த்தாள். அரிகரன் கார்த்திகாவிடம் வேலையைப் பற்றிக் கேட்டான். அவள் கையில் குழாய் பிடித்து ரத்தம் எடுப்பதுபோல் காட்டிச் சொல்ல, அவன், "எனக்கு ஊசின்னாலே மயக்கம் வரும்," என்றான். கார்த்திகா சிரித்தாள். மகள் அப்படிச் சிரித்து ஜெயமணி பார்த்து ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

"மேல இருக்கிறது இன்னாது?" என்று வேதவல்லி கேட்டுவிட்டு ஒரு கேக்குத் துண்டை எடுத்தாள். முழுவதும் சாப்பிட்டாள். விரலைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றும் எடுத்தாள்.

தாயே, கோகிலாம்பா, என்று ஜெயமணி மனத்துக்குள் கும்பிட்டாள். இனிக் காது விஷயத்தைக் கேட்டாலும் இவர்கள் பெரிதாக எடுக்க மாட்டார்கள். கண்ணில் நீர் தளும்பியது. டீயை ஊதுவதுபோல் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் அது நடந்தது. அரிகரன் தன் கடை வாசலில் நடக்கும் மேம்பால வேலையின் கூத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். வேதவல்லி கோப்பையை உதட்டோடு வைத்து வாயை மறைத்துக்கொண்டு, "பாப்பா, அந்தச் சர்க்கரைய இப்படி நகத்து," என்றாள், மெதுவாக.

கார்த்திகாவுக்குக் கேட்கவில்லை. கிண்ணம் அவள் கைக்கு முன்னால்தான் இருந்தது.

"சர்க்கரைம்மா. காதுல வுழல?"

ஜெயமணி பதறிக் கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. வேதவல்லியின் டீயில் முன்பே சர்க்கரை போட்டாயிற்று. அவள் கிண்ணத்தையும் பார்க்கவில்லை, கார்த்திகாவையும் பார்க்கவில்லை. எதிரே கனகாம்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கனகாம்பாள் கண்ணை மூடித் திறந்து, தலையை ஒரு துளி அசைத்தாள். நான் சொன்னது சரிதானே என்று கேட்பதுபோல் இருந்தது அது.

ஜெயமணிக்கு அந்த நாற்காலி நினைவுக்கு வந்தது. வெயில் அடிக்கும் என்று சொன்னாளே. ஜெயமணி திரும்பிப் பார்த்தாள். ஜன்னலில் கனமான திரை தொங்கியது. சுவரோர நாற்காலியில் ஒரு பொட்டு வெயில் இல்லை.

ஆரோக்கியசெல்வி தண்ணீர் ஜாடியோடு பின்னால் நின்றிருந்தாள். அவளும் பார்த்திருக்க வேண்டும். யாரும் சொல்லாமலேயே கார்த்திகாவின் வலப்பக்கம் வந்து குனிந்து, "பாப்பா, ஏசி காத்து உங்க மேலயே நேரா அடிக்குது. சீட்ட கொஞ்சம் திருப்பிப் போட்டுடட்டா?" என்றாள். கார்த்திகா எழுந்ததும் நாற்காலியை வேதவல்லியின் முகம் தெரியும்படி திருப்பி வைத்தாள். "அவங்க சர்க்கரை கேட்டாங்க," என்று மெல்லச் சொல்லிவிட்டு, வேறு மேசைக்கு வேலை இருப்பவள்போல் நகர்ந்துவிட்டாள்.

கார்த்திகா வேதவல்லியின் முகத்தைப் பார்த்தாள். கோப்பையைப் பார்த்தாள். பிறகு கனகாம்பாளைப் பார்த்தாள். கனகாம்பாள் சமோசாவில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இடது காது கேக்காதுங்க ஆன்ட்டி," என்றாள் கார்த்திகா. "அது தெரிஞ்சுதான் அந்தப் பக்கம் உக்காந்தீங்களா?"

"அய்ய, கோச்சிக்காதம்மா. கனகா சொன்னா. எவ்ளோ கேக்குது, எவ்ளோ கேக்கலன்னு ஒரு தபா பாத்துக்கலாம்னு… நாங்களும் நாலு எடம் பாக்கணுமில்ல?"

"நீங்க இனிப்பு எடுத்தீங்களே அக்கா," என்றாள் ஜெயமணி. அவளையும் அறியாமல் வந்துவிட்டது அது.

வேதவல்லிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டாள். "அதுவா? ஹோட்டல் கேக்குங்க அது. தட்டுல வச்சிருந்தாங்க, எடுத்தேன். அதெல்லாம் வூட்ல செய்யற இனிப்புக்குத்தானே? பாக்கலாம். பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்."

"வேணாங்க ஆன்ட்டி, சொல்லி அனுப்ப வேணாம்," என்று கார்த்திகா எழுந்தாள்.

வாசலுக்கு அரிகரன் வேகமாக வந்தான். "ஒரு நிமிஷம். அம்மா அப்படித்தான், மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டாங்க. நாம ரெண்டு பேரும் பேசலாமே?"

"உங்களுக்கும் முன்னாடியே தெரியுமா?"

அவன் செருப்பைப் பார்த்தான். "தெரியும்."

"அவங்க ரெண்டு தடவை கேட்டப்போ உங்களுக்குக் கேட்டுச்சு இல்ல?"

அவன் உள்ளே மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கார்த்திகா அவனைத் திட்டவில்லை. "உங்ககிட்ட நானே சொல்லணும்னுதான் வந்தேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் கார்த்திகா முன்னால் ஒரு ஜன்னலோரத்தில் தனியாக உட்கார்ந்துகொண்டாள். கனகாம்பாள் ஜெயமணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கோவமாடி?"

ஜெயமணி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க எங்க சொந்தம் ஜெயா. நாளைக்குத் தெரிஞ்சா என்னைத்தானே கேப்பாங்க? திண்டிவனத்துக்காரி உன் வாசல்ல கத்துனா மாதிரி இவ என் வாசல்ல வந்து கத்துவா. எங்க வூட்டுக்காரர் என்னை உயிரோட வுடுவாரா? நல்லதுக்குத்தான் சொன்னேன். தெரிஞ்சே ஒத்துக்கிட்டா உனக்கும் நிம்மதிதானே?"

"நீ சொன்னதக்கூட நான் பொறுத்துப்பேன் கனகா," என்றாள் ஜெயமணி. "பயந்துட்ட. பயந்தா யாருக்கும் வாய் நிக்காது. நானே பயந்துதான் போன வருஷம் மறைச்சேன். அதுக்கில்லடி. நாற்காலிய நீ இழுத்துப் போட்டியே. 'இங்க வா'ன்னு ஆசையா கூப்புட்டு, அவ காது கேக்காத பக்கத்துல அந்தம்மாவ உக்கார வச்சியே. அவளுக்கு ஜுரம் அடிச்சப்போ துணி நனைச்சுப் போட்ட கைதானே அது?"

கனகாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதாளா என்று ஜெயமணி திரும்பிப் பார்க்கவில்லை. அழட்டும், தெய்வம் அவளையும் கைவிடாமல் இருக்கட்டும் என்று மட்டும் நினைத்தாள். அதற்கு மேல் நினைக்க மனம் இடம் கொடுக்கவில்லை.

வில்லியனூரில் கார்த்திகா முதலில் இறங்கி விடுவிடுவென்று நடந்தாள். பஸ் படி உயரமாக இருந்தது. கனகாம்பாள் புடவையைப் பிடித்துக்கொண்டு தடுமாறுவதைக் கண்டு, "சீக்கிரம் எறங்கும்மா," என்று கண்டக்டர் அவசரப்படுத்தினார். கீழே இறங்கிவிட்ட ஜெயமணி திரும்பி வந்து கை கொடுத்தாள். இறங்கிய பிறகும் கனகாம்பாள் அந்தக் கையை விடவில்லை.

"வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருவ இல்ல?"

"வருவேன். நீயும் வா. அம்மன் எல்லாருக்கும் பொதுதான். ஆனா என்னைக் கூப்புட வூட்டுக்கு வராத." ஜெயமணி கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "பாத்துப் போ."

கடைத்தெருவில் விளக்குப் போட்டிருந்தார்கள். பாத்திரக்கடைக்குள் கார்த்திகா அப்பாவுக்கு எதிரே நின்று பேசிக்கொண்டிருப்பது வெளியிலிருந்தே தெரிந்தது. வேணு தராசில் வைத்த குடத்தை எடுக்காமல் அவள் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். அவர் எழுந்து வந்து அவள் தலைமேல் கை வைத்தார்.

ஜெயமணி படியேறவில்லை. இதையாவது அவளே தன் வாயால் முழுக்கச் சொல்லி முடிக்கட்டும் என்று, அடுத்த கடை வாசலில் ஒதுங்கி நின்றாள்.