இடப்பக்க இருக்கையின் எடை

தராசு ரிப்பேர்காரரின் காரில், ஆளே உட்காராத இடப்பக்க முன்னிருக்கையின் மேல் ஐம்பத்து நான்கு கிலோ எடை இருந்தது. இருக்கையின் எடையைக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறோம். அவருடைய மனைவி ஒரு செவ்வாய்க்கிழமை, சண்டை சச்சரவு எதுவுமில்லாமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாத மனிதர், ஐம்பது வயதில் டிரிஃப்ட் பழகக் கிளம்பினார். வளைவில் பின்சக்கரங்களை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, வண்டியைப் பக்கவாட்டிலேயே ஓட்டிப்போகும் வித்தை அது. மூடிக்கிடந்த கிடங்கு ஒன்றின் முற்றத்தில் ஞாயிறுதோறும் தண்ணீரைக் கொட்டி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து இழுத்துச் சுற்றினார். முதல் வருஷம் தலைசுற்றல்தான் மிச்சம். இரண்டாம் வருஷம் வண்டி சொன்ன பேச்சுக் கேட்டது, ஆனால் எப்போதும் இடப்பக்கம் சாய்ந்தே நின்றது.

போட்டி ஆசை வந்ததும், உயரத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கிற புதுச் சஸ்பென்ஷனை நாலு சக்கரத்துக்கும் போட்டார். அப்போதும் சாய்ந்தது. கடையிலிருந்து நாலு தராசுகளைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இருக்கையையே கழற்றி வெளியே வைத்தார், ஐம்பத்து நான்கு இறங்கவில்லை. அது அவருக்குப் பழகிய எண். கல்யாணமான புதிதில் கடைத் தராசில் அவளை ஏற்றி நிறுத்தி எத்தனை முறை கேலி செய்திருக்கிறார்! இருக்கையைத் திரும்ப மாட்டினார். இடப்பக்க ஸ்பிரிங்குகளை அந்த எடைக்கு ஏற்ப உயர்த்தி வண்டியை நேராக்கினார்.

அதன்பின் மாதம் ஒருமுறை எடை பார்த்தார். ஒரு மழைக்காலத்தில் நாற்பத்தெட்டுக்கு இறங்கியதும் மனசு கேட்காமல் அவளுக்குப் போன் செய்தார். "ஒழுங்கா சாப்பிடுறதில்லையா நீ?" "உங்களுக்கு யார் சொன்னா?" "வண்டி சொல்லுச்சு." "பைத்தியம்," என்று அவள் வைத்துவிட்டாள். அடுத்த மாதம் ஐம்பது காட்டியது. அந்த வாரம் முழுக்க அவர் விசிலடித்தபடியே வேலை பார்த்ததாகப் பக்கத்துக் கடைச் சாவிக்காரர் சொல்கிறார்.

ஆறாம் வருஷம் இறுதிப் போட்டிவரை வந்துவிட்டார். அன்று காலை மைதானத்தில் தராசுகளை வைத்தால், இடப்பக்கத்தில் வெறும் இருக்கையின் எடை மட்டும்தான் இருந்தது. தராசுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். உடனே அவளுக்குப் போன் செய்தார். "நல்லாத்தான் இருக்கேன். உங்களுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?" என்றாள். பிறகு அவளாகவே, "நேத்துதான் அந்தப் பெட்டியப் பிரிச்சு, துணியெல்லாம் அலமாரில அடுக்கினேன். இத்தனை வருஷமா பிரிக்கவே தோணல," என்றாள். உயிர் வந்தது அவருக்கு. வந்த உயிரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. "நல்லது," என்று மட்டும் சொன்னார்.

போட்டி தொடங்கப் பத்து நிமிஷம் இருந்தது. ஸ்பேனரை எடுத்து ஸ்பிரிங்குகளை இறக்கினால் வண்டி நேராகிவிடும், கோப்பைகூடக் கிடைத்திருக்கும். ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி பத்து நிமிஷமும் அப்படியே உட்கார்ந்திருந்தார். முதல் வளைவிலேயே கார் மூன்று சுற்றுச் சுற்றி, புல்லில் போய் நின்றது. நடுவர் ஓடிவந்தார். "இடப்பக்கம் இப்படித் தூக்கிட்டு நிக்குதே, பாக்கலயா சார்?"

"ஆள் வந்து உக்காந்தா சரியாயிடும்," என்றார் தராசு ரிப்பேர்காரர்.

கார் இன்றும் வலப்பக்கம் சாய்ந்தபடிதான் ஓடுகிறது. வருஷாவருஷம் வண்டியைச் சோதிக்கும் அதிகாரி, 'சாய்வு உண்டு, பழுதில்லை' என்று எழுதி முத்திரை குத்துகிறார். வழியில் ஏறிக்கொள்கிறவர்கள், யாரும் சொல்லாமலே, பின்கதவைத் திறக்கிறார்கள்.