அமைச்சரின் மனைவிக்கு ஒரு வசனம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு குசினியில், அடுப்படி மேசையில் கிடைத்தது. கேதீஸ்வரனை மருத்துவமனைக்கு வரச்சொல்லியிருந்த வாரம். அவருடைய மனைவி சத்தியபாமா தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, அந்த மனுசிக்கு நாலு வசனம் எழுதித் தாங்கோ."

அந்த நாலு வசனத்தை எழுத உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வசனம் வரவில்லை. அதைச் சுற்றியிருப்பதெல்லாம் வருகிறது.

எனக்குக் கதைகள் காதால்தான் வரும். ஆட்கள் பேசுவது கேட்கும், முகம் தெரியாது. (யார் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்று தெரிந்தாக வேண்டுமென்றால் நீங்களே போட்டுவிடுங்கள்.)

2

முதல் தொடக்கம்: 'ஒரு காலத்தில் லண்டன் தமிழர்களை வயிறு குலுங்கச் சிரிக்கவைத்த மாபெரும் கலைஞர்—'

இது அஞ்சலிக் கூட்டத்துப் பேச்சு. மனுசன் உயிரோடு இப்போது சிட்னி ஹோம்புஷில், எங்கள் கட்டடத்திலேயே, எனக்கு மேல்வீட்டில் இருக்கிறார்.

இரண்டாவது தொடக்கம்: 'தொண்டையில் ஒரு சின்னக் கரகரப்பாகத்தான் அது முதலில்—'

இதுவும் வேண்டாம். நேராகவே சொல்லிவிடுகிறேன். கேதீஸ்வரனின் குரல்வளையை எடுக்கப்போகிறார்கள். அதற்குப் பிறகு வருவது எதுவானாலும் இந்தக் குரலாக இராது.

அந்தக் குரல்தான் அவருடைய தொழில். லண்டனில் மண்டபம் மண்டபமாகத் தனிநடிப்புச் செய்தவர். அங்கே இருந்த காலத்தில் நானும் போய்க் கேட்டிருக்கிறேன். புருசனும் அவரே, பெண்சாதியும் அவரே. சால்வை தோளில் கிடந்தால் புருசன். தலைக்கு ஏறினால் பெண்சாதி. அந்தப் பெண்சாதி பேசுவது சத்தியபாமாவின் குரலில். அவளுடைய இழுப்பு, இடையில் மூக்கால் விடும் மூச்சு, எல்லாம் அச்சொட்டு. கலியாண வீடுகளில் சனம் சத்தியபாமாவைச் சுற்றிக்கொண்டு, அவர் செய்கிற மாதிரி ஒருக்காச் செய்துகாட்டச் சொல்லிக் கேட்குமாம். அவளுடைய குரலை அவளே நடித்துக் காட்டவேண்டும்.

3

திடீரென்று ஒருநாள் அவர் சால்வையை விட்டார், மேடையையும் விட்டார். ஏனென்று ஒருவருக்கும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாவல் எழுதினார்: 'ராஜினாமாவை யார் வாங்குவது?' பிரித்தானிய அரசியலைக் கிண்டல் செய்து, தமிழில். இப்படியொரு புத்தகத்தைக் கேள்விப்பட்டதே இல்லையே என்று சங்கடப்படாதீர்கள். அவருடைய மகளே அதை முழுதாக வாசிக்கவில்லை.

கதை இதுதான். ஓர் அமைச்சர் பதவி விலகப் பிரதமரிடம் போகிறார். வாசலைத் தாண்டுவதற்குள் பிரதமர் மாறிவிடுகிறார். புதியவர், சரியான நேரத்துக்கு வந்தீர் என்று கையைப் பிடித்து நிதி அமைச்சைக் கொடுக்கிறார். மறுபடி விலகப் போனால் மறுபடி ஆள் மாறியிருக்கிறது. இந்த முறை வெளிவிவகாரம். விலக முடியாமலே மனுசன் உயர்ந்துகொண்டு போகிறார். கடைசியில் அவரே பிரதமர். தன் ராஜினாமாவைத் தன்னிடமே நீட்டி, தானே யோசித்துச் சொல்வதாகப் பதில் சொல்கிறார். இவ்வளவு காலமும் வீட்டில் அவருடைய மனைவி கடற்கரை ஊருக்குப் போகப் பெட்டி கட்டி, கோட்டும் போட்டபடி இருக்கிறாள்.

(சத்தமாகச் சிரித்தேன். பேருந்தில் பக்கத்தில் இருந்த பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தது.)

ஆனால் காதுக்கு ஏதோ இடறியது. சபாநாயகர் பேசுகிறார், எதிர்க்கட்சி பேசுகிறது, வாசல் காவலாளி அரைப்பக்கம் பேசுகிறான். மனைவி பேசவில்லை. புத்தகம் முழுக்க ஒரு சொல் இல்லை. கடைசிப் பக்கத்தில், ஒருவழியாகப் பதவி போய், அமைச்சர் வீட்டுக்கு வந்து, "இனி நான் ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை" என்கிறார். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். அதோடு முடிகிறது.

அந்த மனுசிக்குத்தான் வசனம் கேட்கிறாள் சத்தியபாமா.

4

குரல் போகுமுன் பழைய சால்வைப் பகிடிகளைப் பதிந்துவைக்கவேண்டும் என்று சிட்னியிலும் மெல்பேர்னிலும் இருந்து எத்தனையோ பேர் கேட்டார்கள். அவர் மாட்டேனென்றார். நாவலைத்தான் வாசிப்பாராம். யாரும் கேட்காத புத்தகத்துக்கு இருக்கிற கடைசிக் குரலையும் செலவழிக்கிறாரே என்று மகள் அழுதாள்.

ஒலிப்பதிவு, ஆள் நுழையக்கூடிய உடுப்பு அலுமாரிக்குள் நடந்தது. எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ரயில் பாதை. சேலைகளுக்கு நடுவில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தால் சத்தம் குறையும். சத்தியபாமா வாசலில் கைபேசியைப் பிடித்திருப்பாள். டாக்டர் குரலை மிச்சம் பிடிக்கச் சொன்னபடியால் மற்ற நேரமெல்லாம் அவர் வாய் திறப்பதில்லை.

"ரெண்டு பேரும் சேந்து ஒரு பதிவாவது இருக்கட்டும் அக்கா. அந்த மனுசி கதைக்கட்டும், நான் வாசிக்கிறன்" என்றாள்.

அவர் ஏன் எழுதவில்லை என்று கேட்டுப் பார்த்தாளா என்றேன்.

"என்னத்தைக் கேக்கிறது? மேடையில என்னை வைச்சுச் சிரிச்சு முடிஞ்சுது. புத்தகத்தில வைக்க ஒண்டும் மிஞ்சேல்லையாக்கும்."

5

எழுதிப் பார்த்தவை:

'பெட்டியை எடுங்கோ, போவம்.' (சுருக்கம் நல்லது. ஆனால் இவள் என்ன டாக்சியா பிடிக்கிறாள்?)

'எனக்கு நீங்கள் எப்பவும் மந்திரிதான்.' (சீ.)

'இவ்வளவு நாளும் இந்தக் கோட்டோட நான் எப்பிடி வேர்த்து—'

மூன்றாவதில் பேனையை வைத்தேன். சிரிப்பு வந்தது, அதுதான் பிழை. அது சத்தியபாமா இல்லை. சால்வை தலைக்கு ஏறிய கேதீஸ்வரன். இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்கும் அவளை அவருடைய குரலில்தான் கேட்கிறது.

6

மேலே போனேன். சத்தியபாமா கடைக்குப் போயிருந்தாள். வசனம் வரவில்லை என்றேன். அவர் சைகையில் கதிரையைக் காட்டினார். பிறகு, சேமித்த குரலில் கொஞ்சத்தை எடுத்தார்.

"லண்டனில, ஹரோவில நாடகம் முடிஞ்சு ரயிலில வாறம். சனம் விழுந்து விழுந்து சிரிச்சது அண்டைக்கு. இவ ஜன்னலைப் பாத்துக்கொண்டு சொன்னா, இனி என்ர குரலை எடுக்காதேங்கோ எண்டு. நான் ஓம் எண்டனான்."

தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினேன். ஒரு மிடறு குடித்தார்.

"பிறகெப்பிடி அவவுக்கு வசனம் எழுதிறது? எழுதினா அது திரும்ப நான்தானே அக்கா. அந்த இடம் அவவுக்கெண்டு விட்டது."

"அவவுக்கு இதைச் சொன்னனீங்களோ?"

"நான் என்ன சொன்னாலும் சனம் சிரிக்கும். அவவும் பகிடி எண்டு நினைச்சால்?"

7

முடிவுகள்.

ஒன்று: நான் சத்தியபாமாவிடம் போய்ச் சொல்கிறேன், அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத்— வேண்டாம். அவள் வீட்டில் போடுவது நீளக் காற்சட்டை.

இரண்டு: சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்து— எனக்குத் தெரியாது. நாளைக்குத்தான் அனுமதிக்கிறார்கள்.

மூன்று, நடந்தது: வசனம் எழுதமாட்டேன், ஏனென்று அவரைக் கேளும் என்று மட்டும் சத்தியபாமாவிடம் சொன்னேன். இன்று மத்தியானம் அலுமாரி வாசலில் நின்று கேட்டாள். அவர் சொன்னார். கடைசிப் பக்கத்துக்கென்று வைத்திருந்த குரலில் சொன்னார். நான் நடையில் நின்றேன்.

"நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்?"

"ஹரோ ரயிலில."

அவள் மூக்கால் மூச்சு விடுவது கேட்டது. பிறகு அவள்: "அது பசியில சொன்னதப்பா. பசியில சொன்னதுக்கு ஒரு மனுசியைப் புத்தகம் முழுக்க வாய் மூட வைச்சனீங்களே."

"நீர் சொன்னா நான் கேக்கிறனான்" என்றார்.

அவள் கைபேசியை அலுமாரித் தட்டொன்றில் நிறுத்திவிட்டு, சேலைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். அவர் வாசித்தார், குரலில் அரைவாசி காற்று. கடைசி வரி வந்தது. 'அவள் நிமிர்ந்து பார்க்கிறாள்' என்பதை வாசிக்காமல் விட்டார். காத்திருந்தார். ரயில் ஒன்று போய் முடிந்தது.

அவள் பேசினாள். ஒரே ஒரு வரி.

கேதீஸ்வரன் சிரித்தார். மற்றவர்களைச் சிரிக்கவைத்தவர் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. திருப்பிச் சொல்லும் என்று கெஞ்சினார்.

"ஏலாது. ஒருக்காத்தான்."

8

அந்த வரி என் காதில் இருக்கிறது. சொல்லுக்குச் சொல், மூக்கு மூச்சோடு. எழுதினால் கதை முடிந்துவிடும். ஆனால் அவளுடைய குரலை எடுத்த இன்னொரு ஆளாக நானும் ஆகிவிடுவேன். அதனால் இடத்தை மட்டும் விடுகிறேன். வேண்டுமானால் நீங்கள் நிரப்புங்கள். அவளைப்போல வேண்டாம், உங்கள் குரலில், உங்களுக்கு முன்னால் ஓர் ஆள் வெறுங்கையோடு வந்து நிற்பதாக நினைத்துக்கொண்டு, வாய்விட்டு.

அமைச்சர்: இனி நான் ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை.

மனைவி: