உலைமலை விழாது

மலையே இல்லாத டென்மார்க்கில் கிருசாந்திக்கு ஒரு மலை நகரம் இருந்தது. உலைமலை. இக்காஸ்ட் என்ற ஊருக்கு வெளியே, பைன் காட்டு மேட்டில், பலகை வாசலும் தகர உலையும் வைத்துக் கட்டிய குள்ளர் நகரம். வேடமிட்டு விளையாடும் கழகத்துக்காக அதன் முந்நூறு வருட வரலாற்றைக் கற்பனையில் கட்டியவள் அவள்தான். ஒவ்வொரு வருடமும் நெருப்பைச் சுற்றி எல்லாரும் இருக்க அதைச் சொல்வாள். சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டால் அது சட்டம். மீறியவர் விளையாட்டில் செத்தவர்.

கழகத் தலைவன் லோரன்ஸ் பாதிக் கதையில் தொத்திறைச்சி சுடப் போய்விடுவான். கைதட்ட மட்டும் சரியாக வந்து சேருவான்.

இந்த முறை அவனுக்கு ஓர் இடிபாடு தேவைப்பட்டது. "சண்டை முடியிற கொம்பு ஊதுறதுக்கு முதல் எதிரிப் பூதப்படை உலையைத் தொட்டால் நகரம் அழிஞ்சது. பிறகு உன் குள்ளரும் இல்லை, வரலாறும் இல்லை," என்றான். அந்தப் பூதப்படையின் தளபதியும் அவனே. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

சண்டை நாள் காலை, மறந்த தலைக்கவசத்தை எடுக்க வீட்டுக்குள் ஓடினாள்.

"சோறு போடுற வீட்டுக்குள்ள சப்பாத்தோடை என்னடி? கழட்டு," என்றாள் அம்மா சரோஜினிதேவி.

நாடாவை அவிழ்க்கும்போது கிருசாந்திக்குச் சிரிப்பு வந்தது. இதே வசனத்தைத்தான் உலைமலையின் முதல் அரசியின் வாயில் வைத்திருந்தாள்: சோறு போடும் மலைக்குள் எவரும் சப்பாத்தோடு வரக்கூடாது. குள்ளர் எல்லாரும் கம்பளிக் காலுறையோடுதான் உள்ளே நடப்பார்கள். ஏன் என்று லோரன்ஸ் ஒருநாளும் கேட்டதில்லை.

பின்னேரம் பூதப்படை சேறு தெறிக்க ஓடிவந்தது. வாசலில் கிருசாந்தி நின்றாள்.

"முதல் அரசியின் சட்டம். சப்பாத்து வெளியே."

"இதென்ன புதுக்கதை?"

"மூன்று வருசமாக நீ கைதட்டின கதை."

படையினர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "ஓம், சொன்னவள்தான்," என்றாள் பூதப்படையின் மாக்கிரட். முழங்கால்வரை நாடா கட்டிய சப்பாத்துகள். அவிழ்க்கக் குனிந்தவர்களின் முதுகில் குள்ளரின் பஞ்சுச் சுத்தியல்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. லோரன்ஸ் ஒற்றைக்காலில் தள்ளாடும்போதே முடிவுக் கொம்பு ஒலித்தது.

"அடுத்த வருசம் இந்தச் சட்டத்தை மாற்றுவேன்," என்றான் அவன், முகம் சிவக்க.

"சட்டத்தை மாற்ற நகரத்துக்குள் வரவேணும், லோரன்ஸ்," என்றாள் கிருசாந்தி. "வா. மற்றச் சப்பாத்தையும் கழற்றிப்போட்டு வா."