இரண்டு மணிக்கு நீட்டிய கால்

எலுமிச்சை முள் குத்திய காலுக்கு எலுமிச்சை மரத்து மருந்தையே போட்டேன். மரத்துச் சொறிக்குத் தண்ணீரில் கலந்து அடிக்கிற பொடி அது. மரத்துக்குக் கேட்டது மனுஷிக்குக் கேட்காதா? புண் காயும், நிறுத்துவேன். சீழ் கட்டும், மறுபடி தூவுவேன். மலைமேல் தலைச்சோலை ஊரில் ஒற்றைக்கட்டையாகக் கிடக்கிற இந்தக் காளியாயிக்குப் புத்தி சொல்ல வீட்டில் யார் இருக்கிறார்கள்? எட்டு மாதம் இப்படியே ஓட்டினேன்.

ஏற்காடு ஆஸ்பத்திரி டாக்டரம்மா பொடிக் கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அதுவும் கிருமி மருந்துதானுங்க. கொஞ்சங்கொஞ்சமாப் போட்டு கிருமிக்குப் பழக்கி உட்டுட்டீங்க. சேலத்துல சீழைச் சோதிச்சாச்சு. எந்த மருந்தும் ஒத்தையாப் போட்டா அது சாகலை. ரெண்டை ஒண்ணாப் போட்டாத்தான் சாகுது. ஒண்ணு கிருமியோட சுவத்துல ஓட்டை போடும், இன்னொண்ணு உள்ள பூந்து கொல்லும்."

"அதுக்கும் கேக்கலீன்னா?"

"முழங்காலுக்குக் கீழ எடுக்கோணுமுங்க."

கால் போனால் மலையில் தனியாக இருக்க முடியாது. திருப்பூரில் மகன் தனபால் வீட்டுக்குத்தான் போக வேண்டும். மருமகள் வேளாவேளைக்குச் சோறு போடுவாள், முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். செத்தாலும் அங்கே போகமாட்டேன்.

"காலைக் காப்பாத்திக் குடுங்க சாமி. வேறொண்ணும் வேண்டாம்" என்றேன்.

கிருமி மற்றவர்களுக்கு ஒட்டும் என்று தனி அறையில் போட்டார்கள். பதினாலு நாள். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம், அதற்குள் டூரிஸ்ட் வேன்களின் ஹாரன். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று இரண்டு பாட்டிலையும் சேர்த்துத் தொங்கவிடுவார்கள். மதியத்துக்கு வருகிறவள் நர்ஸ் ரம்யா. கையுறை, நீல அங்கி, மாஸ்க் எல்லாம் போட்டுக் கண் மட்டும் தெரியும்.

"மருந்துக்குக்கூட சோடி இருக்குது பாரு கண்ணு. எனக்குத்தான் ஒரு நாதியில்லை."

"ஏனுங்கம்மா, நான் இல்லீங்களா?"

"போடி, நீ சம்பளத்துக்கு வர்றவ."

என் வாய் அப்படி. அவள் கோபிக்கவில்லை. காலை நீட்டச் சொல்லிக் கட்டை அவிழ்த்தாள். கையுறைதான், இருந்தாலும் விரல். வீட்டுக்காரர் செத்த பிறகு என்னை ஒருவர் தொட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. அழுகை வந்துவிட்டது, மருந்து எரிகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

பன்னிரண்டாம் நாள் புண்ணில் சதை கூடியிருந்தது.

"இன்னும் வலிக்குதுங்களா?"

துளி வலி இல்லை. "நொம்ப வலிக்குது கண்ணு" என்றேன்.

அவள் புண்ணைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

பதினைந்தாம் நாள் டாக்டரம்மா வந்தார். "கால் தப்பிச்சுதுங்க. ஊட்டுக்குப் போலாம். இனி அந்தப் பொடி பக்கம் போகாதீங்க."

ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ் ஏறினேன். என் காலாலேயே நடந்துபோய் என் வீட்டுப் பூட்டைத் திறந்தேன். கேட்டது கிடைத்துவிட்டது.

மறுநாள் மதியம் சோறு தின்றுவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், காலை நீட்டி வைத்திருக்கிறேன். கடிகாரத்தில் மணி இரண்டு.

"அட கிறுக்கி, எவ வருவா?" என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

இரண்டரை வரை காலை மடக்கவில்லை.