ருக்மணிக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி

மார்கழியில் ஒரு வியாழக்கிழமை காலை ருக்மணி எழுந்தபோது அவளுடைய வலது காது கேட்கவில்லை. வலி இல்லை. எங்கோ தூரத்தில் மோட்டார் ஓடுவதுபோல் உள்ளே ஓர் இரைச்சல் மட்டும் இருந்தது. கணவன் நேமிராஜிடம் சொன்னாள்.

“பனிதான், ருக்கு. காது அடைச்சிருக்கும். ரெண்டு நாள்ல சரியாப் பூடும்,” என்றான் அவன்.

நல்லெண்ணெயைச் சூடாக்கி இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தார்கள். ரெண்டு நாள் நாலு நாளாகி, பொங்கலும் வந்து போனது. அதற்குப் பிறகுதான் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினார்கள். காது டாக்டர் கண்ணாடி அறைக்குள் அவளை உட்காரவைத்துச் சோதித்துவிட்டு, “இது திடீர்னு நரம்புல வர்றது. முதல் நாலஞ்சு நாள்லயே வந்திருந்தா மருந்து பலிக்க ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்,” என்றார். அடுத்த பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நேமிராஜுக்குச் செஞ்சியில் திண்டிவனம் சாலையில் பம்புசெட் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டும் கடை. ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்தக் காயில் புகைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். ‘ஊரில் உள்ள மோட்டாரெல்லாம் என்னிடம் பேசும், வீட்டில் ஒருத்தி காது கேட்கவில்லை என்றதை மட்டும் நான் கேட்கவில்லை’ என்ற நினைப்பு அவனை அரித்துக்கொண்டிருந்தது.

ருக்மணி வீட்டின் முன்னறையில் ரவிக்கை தைப்பவள். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பாள். இருபது வருஷப் பழக்கம் அது. காது போன பிறகு ஒருநாள் மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தாள்.

“இன்னா ஆச்சி?” என்றான் நேமிராஜ்.

“பாடறவங்க கொரல் இருக்குது. கூட வாசிக்கிறவங்கள்ல பாதிப் பேரக் காணோம். வலது பக்கத்துல வர்றதெல்லாம் எனக்கு இல்ல.”

போனை ஸ்பீக்கரில் வைத்தால் மெஷின் சத்தம் அதை விழுங்கிவிட்டது. பங்குனி வந்தபோது அவள் பாட்டே இல்லாமல் தைத்துக்கொண்டிருப்பதை அவன் கவனித்தான். கத்தரியின் சத்தமும் மெஷினின் சத்தமும்தான் அந்த அறையில் மிச்சம்.

அந்த வாரம்தான் போனில் ஒரு வீடியோவைப் பார்த்தான். யாரோ ஒருவர், எந்த நாட்டுக்காரரோ, உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் ஒன்றை மரப்பெட்டியில் வைத்துப் பாட்டால் கூடத்தையே நிறைத்துக்கொண்டிருந்தார். தடிச் சத்தத்துக்கு ஒன்று, மெல்லிய சத்தத்துக்கு ஒன்று என்று பிரிக்காமல், எல்லாவற்றையும் ஒரே காகிதக் கூம்பில் பாடும் ஸ்பீக்கர் அது. அதன் முதுகுப் பக்கத்துச் சத்தம் வீணாகாமல், பெட்டிக்குள் வளைந்து வளைந்து போகும் ஒரு பாதையில் நுழைந்து, போகப் போக அகலமாகிக் கீழே ஒரு பெரிய வாய் வழியாக வெளியே வந்தது. நேமிராஜ் அந்த வீடியோவை ஏழெட்டு முறை பார்த்தான். இரண்டு பக்கத்துப் பாட்டையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே பெட்டியில் பாடவைத்தால் ருக்மணியின் ஒரு காதுக்கு எதுவும் குறையாது.

அவளிடம் காரணம் சொல்லவில்லை. நாலு அங்குல ஸ்பீக்கர் ஒன்றையும் சின்ன ஆம்ப்ளிஃபயர் போர்டு ஒன்றையும் தபாலில் வரவழைத்தான். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் படம் வரைந்துகொண்டு, பலகை அறுக்க அனந்தபுரத்தில் இருந்த தச்சர் கன்னியப்பனிடம் போனான். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள்.

கன்னியப்பன் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். “இன்னாய்யா இது, எலிப்பொறியா?”

“திருவிழாவுல மரத்துல கட்டுறாங்கல்ல கொழா ஸ்பீக்கரு, அதும்மாதிரி. அத மடிச்சிப் பொட்டிக்குள்ள வைக்கிறோம்.”

“மடிச்சா சத்தம் எப்படி வழி கண்டுபிடிச்சி வரும்?”

“வந்துடும். நீ பலகைய கோணாம அறுத்துக் குடு, போதும்.”

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நேமிராஜ் வீட்டுப் பின்கட்டில் பலகைகளை ஒட்டிக்கொண்டிருந்தான். உள்தடுப்புகளை ஒவ்வொன்றாகப் பசை போட்டு நிறுத்தி, பசை காயும் வரை அம்மிக்கல்லை மேலே ஏற்றிவைத்தான். தேங்காய் துருவ ருக்மணி பின்கட்டுக்கு வரும்போதெல்லாம் பெட்டி கொஞ்சம் வளர்ந்திருந்தது. “இதுக்குள்ள இன்னா குடித்தனம் வைக்கப்போறீங்க?” என்று கேட்டாள். அவன் சிரித்து மழுப்பினான்.

அவர்கள் வீட்டில் பொழுது சாய்வதற்கு முன்பே சாப்பாடு முடிந்துவிடும். சமண வீடுகளின் வழக்கம். மூன்றாவது ஞாயிறு மாலை, தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, நேமிராஜ் பெட்டியை முன்னறைக்குத் தூக்கி வந்து மெஷினுக்கு எதிரே வைத்தான். ஜன்னலுக்கு வெளியே ராணிக்கோட்டைப் பாறைகளில் இன்னும் வெயில் இருந்தது. அவளுக்குப் பிடித்த பாட்டைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றான்.

சத்தம் பெரிதாகத்தான் வந்தது. ஆனால் பாடுகிற பெண்மணி குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுவதுபோல் இருந்தது. தாளம் விழும்போதெல்லாம் பெட்டியில் எங்கோ ‘பிர்ர்’ என்று ஓர் அதிர்வு.

ருக்மணி ஒரு சரணம் முழுக்கக் கேட்டாள். அவள் பொய் சொல்கிறவள் அல்ல.

“நல்லா இல்லீங்க,” என்றாள்.

நேமிராஜ் பாட்டை நிறுத்தினான். முகம் சுருங்கிவிட்டது. “இது ஒண்ணாவது ஒனக்கு ஒழுங்கா செய்லாம்னு பாத்தேன். இதுலயும் தோத்துட்டேன்.”

“எனக்கா? எனக்கா செஞ்சீங்க?”

“பின்ன யாருக்கு? ரெண்டு பக்கமும் ஒண்ணாச் சேத்து ஒரே பொட்டில வரும். உன் ஒரு காதுக்கு முழுப் பாட்டும் கேக்கும்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூன்று மாதமாக அடைத்து வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. “பனின்னு சொன்னேன் பாரு. அன்னிக்கே இட்டுக்கினு போயிருந்தா...”

 ருக்மணி எழுந்து வந்து பெட்டியின் அருகே தரையில் உட்கார்ந்தாள்.

“இந்த மூணு வாரமா பொட்டி கட்டுனீங்களா, இல்ல உங்களுக்கு நீங்களே தண்டன குடுத்துக்கினீங்களா?”

அவன் தலையைக் குனிந்து, விரலில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டினான்.

“நான் இன்னா சின்னப் பொண்ணா? காது என்னுது. திண்டிவனம் பஸ்ஸு இந்தத் தெருமொனைலதான் நிக்குது. நானே ஏறிப் போயிருக்கலாம். பொங்கலுக்குத் தைக்கக் குடுத்த துணி நாப்பது கெடந்துது. முடிச்சிட்டுப் போவலாம்னு நான்தான் இருந்துட்டேன். உங்களக் கேட்டா நின்னேன்?” அவள் பெட்டியின் விளிம்பைத் தடவினாள். “எனக்கும் அது உறுத்திக்கினுதான் இருக்குது. ரெண்டு பேரும் சேந்துதான் விட்டோம். உட்டுத் தள்ளுங்க.”

நேமிராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவள் அதைப் பார்க்காதவள்போல இடது காதைப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்தாள்.

“பாட்டப் போடுங்க. தாளம் வர்ற எடமா போடுங்க.”

போட்டான். அவள் காதைப் பலகையோடு ஒட்டி மெல்ல நகர்ந்தாள். பின்பக்க மூலைக்கு வந்ததும் நின்றாள். “இங்கதான். தையல் உட்டிருக்குது.” சாமி மாடத்திலிருந்து ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி எடுத்து வந்து அந்த மூட்டருகே பிடித்தாள். தாளம் விழும்போதெல்லாம் புகை துள்ளித் துள்ளி விலகியது. கண்ணுக்குத் தெரியாத இடுக்கு வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது.

“அடேங்கப்பா,” என்றான் நேமிராஜ். உடனே பசையை எடுத்து வந்து அந்த மூட்டு முழுவதும் விரலால் இழுத்துப் பூசினான்.

மறுநாள் மாலை ‘பிர்ர்’ நின்றுவிட்டது. குடத்துச் சத்தம் மட்டும் போகவில்லை. ருக்மணி ஸ்பீக்கரைக் கழற்றச் சொல்லி உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தாள். “சுத்தி வெறும் பலகையா இருக்குது. காலி வூட்ல பேசுனா எதிரொலிக்காதா?” தலையணைக்கு வாங்கி மிஞ்சிய பஞ்சை ஒரு கைப்பிடி எடுத்து, மெல்லிய துணியில் பை தைத்து, ஸ்பீக்கருக்குப் பின்னால் இருந்த அறையில் ஒட்டினாள். கேட்டார்கள். அதிகம் என்று பாதியை எடுத்தார்கள். மறுபடி கேட்டார்கள். நேமிராஜ் திருகாணியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். நான்காவது முறை மாட்டியபோது இருவரும் ஒன்றாக நிமிர்ந்தார்கள்.

பாடுகிற பெண்மணி குடத்தை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

 “தவுலு இருக்குதே இதுல!” என்றாள் ருக்மணி. “இத்தன வருஷமா இந்தப் பாட்டக் கேக்குறேன். இப்படி அடிவயித்துல வந்து தட்டுனதே இல்ல.”

அடுத்த நாளிலிருந்து முன்னறையில் மறுபடி பாட்டு கேட்டது. அளவு கொடுக்க வந்த பெண்கள் பெரிய ஸ்பீக்கர் எங்கே என்று அறையெல்லாம் தேடினார்கள். இந்தச் சின்ன வட்டத்திலிருந்தா வருகிறது என்று நம்பாமல் குனிந்து பார்த்தார்கள். வளர்மதி என்ற டீச்சர் ரவிக்கையை வாங்கிக்கொண்ட பிறகும் இரண்டு பாட்டு உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

ஒரு வாரம் கழித்து ருக்மணி சொன்னாள்: “கன்னியப்பன் அண்ணங்கிட்ட இன்னொரு பொட்டிக்குப் பலகை அறுக்கச் சொல்லுங்க.”

“எதுக்கு? ஒனக்கு ஒண்ணு போதுமே.”

“எனக்குப் போதும். உங்களுக்கு ரெண்டு காதும் நல்லாத்தான இருக்குது? நீங்க ஏன் பாதி கேக்கணும்?”

இரண்டாவது பெட்டியை இருவரும் சேர்ந்தே கட்டினார்கள். எட்டு நாளில் முடிந்துவிட்டது. பலகையை வண்டியில் கொண்டுவந்து போட்ட கன்னியப்பன், முடிந்த அன்றைக்குக் கேட்க வந்து, சத்தம் வழி கண்டுபிடித்து வருவதைப் பெட்டியின் வாயில் கையை வைத்துச் சோதித்துத் தலையை ஆட்டினார். பாட்டு, வேலை நேரத்தில் அவளுக்காக ஒன்றாகச் சேர்ந்தும், மாலையில் அவனுக்காகத் தனித்தனியாகவும் வரும்படி நேமிராஜ் ஒரு சுவிட்ச் வைத்தான்.

அன்று மாலை அவன் சுவிட்சைத் தட்டிவிட்டு நடுவில் உட்கார்ந்தான். அவன் கண்கள் விரிவதை ருக்மணி பார்த்தாள். தன் நாற்காலியை அவனுக்கு வலப்பக்கமாக இழுத்துப்போட்டு, கேட்கும் காது அவன் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்துகொண்டாள்.

“ஒரு காதுக்கு எடம் தெரியல. பாடறவங்க எங்க நிக்கறாங்க?” என்று கேட்டாள்.

நேமிராஜ் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, சுவரில் காலண்டர் மாட்டியிருந்த இடத்தைக் காட்டினான்.

“வயலினு?”

“இங்க. கொஞ்சம் இப்படித் தள்ளி.”

“தவுலு?”

அவன் விரல் ஜன்னல் பக்கம் நகர்ந்தது. ருக்மணி அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே மீதிப் பாட்டைக் கேட்டாள்.