ஐயாவு விடாத மீன்

நிக்கோபாரில், கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் ஓடுகிற நாலாவில், 2006ஆம் வருஷம் மழை சற்று ஓய்ந்த ஒரு காலையில், ஐயாவு என்கிற பால்வெட்டுத் தொழிலாளி ஒரு மீனைத் தூண்டிலில் மாட்டினார். அதைக் கரையேற்றவும் முடியாமல், விடவும் மனமில்லாமல், ஐந்து வருஷம் அதே இடத்தில் நின்றார். நாலா என்று தீவுக்காரர்கள் எல்லா மொழியிலும் சொல்வது ஓடையைத்தான். இந்த நாலாவின் அகலம் ஒரு எட்டு. கைலியைத் தூக்கிக் கட்டாமலே தாண்டிவிடலாம். நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் கச்சாலுக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும், அது லேசில் கிடைக்காது. கிடைத்தாலும் கப்பல் கிடைக்காது. அந்த அலைச்சலுக்கு இங்கே எழுதியிருப்பதை நம்பிவிடுவது சுலபம்.

மீன், ட்ரவுட் மீன். பழுப்பு உடம்பு, அதில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வெளிறிய ஒரு வளையம். பல் விளக்கினால் ஈறு கூசுகிற அளவுக்குக் குளிர்ந்த தண்ணீரில்தான் அது பிழைக்கும். இலங்கையில் நுவரெலியா பக்கத்து மலை ஓடைகளில் வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்டது. ஐயாவு அந்த மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்து, இங்கே குடியுரிமை இல்லை, இந்தியாவுக்குப் போ என்று சொல்லப்பட்டவர்களோடு கப்பலேறி, கடைசியில் ரப்பர் வெட்டுவதற்காகக் கச்சாலில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர். இளவட்டமாக இருந்தபோது துரைக்குப் பின்னால் வலையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். அந்த மீனைத் தோட்டத்து ஆள் தொட்டால் பேர் வெட்டிவிடுவார்கள், அதாவது வேலை போய்விடும். ஆகவே தொடாமலே அதன் குணம் முழுவதையும் தெரிந்து வைத்திருந்தார். பெரிய ஆற்றில் தேடுகிறவன் ஏமாந்து போவான். ஆளே எட்டிப் பார்க்காத சின்ன ஓடையில், கரை குடைந்து வேர் தொங்குகிற இடத்தில்தான், ஒரு கிழட்டு மீன் தன்னந்தனியாகப் படுத்திருக்கும். எப்போதும் நீரோட்டத்துக்கு எதிராகத்தான் முகத்தை வைத்திருக்கும், ஆகவே பின்பக்கமாகப் போக வேண்டும், குனிந்து போக வேண்டும், நிழல் தண்ணீரில் விழக்கூடாது. குளிர்நாட்டு மீன் கச்சாலுக்கு எப்படி வந்தது என்று பலர் கேட்டார்கள். 2004 சுனாமியில் கடல் எதை எதையோ எங்கெங்கோ தூக்கிக்கொண்டுபோய் வைத்தது. ஒரு படகைத் தென்னை மரத்தின் மேல் வைத்தது, ஒரு கோயில் மணியைக் காட்டுக்குள் வைத்தது. ஒரு மீனை நாலாவில் வைத்ததற்கு மட்டும் காரணம் கேட்பது நியாயமில்லை.

கடல் எடுத்துக்கொண்டவற்றின் கதை வேறு. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஐயாவும் அவருடைய இளைய மகள் விஜயகுமாரியும் கப்பல் வந்து நிற்கிற ஜெட்டிப் பக்கம் கடைக்கு இறங்கியிருந்தார்கள். அவளுக்கு வயது பன்னிரண்டு. நிலம் ஆடியபோது அவள் பயந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் வந்து இருவரையும் தூக்கியபோதும் அந்தக் கை அவர் கையில்தான் இருந்தது. தண்ணீர் திரும்பிப் போகும்போது இழுத்த இழுப்பில் நழுவிவிட்டது. இவ்வளவுதான் நடந்தது. ஐயாவை ஒரு மரக்கிளையிலிருந்து இறக்கினார்கள். விஜயகுமாரி கிடைக்கவில்லை. போர்ட் பிளேர் முகாமில் மனைவி ஒச்சம்மா அவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“ஒங்க கையிலதானே இருந்தா?”

அவர் எழுந்து கஞ்சி வரிசையில் போய் நின்றார். அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்ட அந்த நொடியிலேயே, கேட்டிருக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு வழியும் தெரியவில்லை. அதற்குப் பிறகு இருவரும் அரிசி, மண்ணெண்ணெய், மூத்த மகள் சுதாவின் படிப்பு என்று எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள், அதைத் தவிர.

அடுத்த வருஷம் தோட்டத்துக்குத் திரும்பி வந்தபோது அவர்களுக்குத் தகர ஷெல்டரில் ஒரு அறை கிடைத்தது. பகலில் உள்ளே உட்கார்ந்தால் ஆள் வெந்துவிடும். தீவு தாழ்ந்துபோயிருந்தது, முன்பு தென்னந்தோப்பு இருந்த இடத்தில் கடல் இருந்தது. ஐயாவு பால் வெட்டினார், சாப்பிட்டார், படுத்தார். ஒன்றிலும் ஆசையில்லை. ஆகவே அந்தக் காலையில் அவர் ஓடி வந்து, “நாலாவுல ட்ரவுட் கெடக்கு!” என்று சொன்னபோது ஒச்சம்மாவுக்கு மீனைவிட அவர் முகத்தைப் பார்த்ததில்தான் சந்தோஷம். அறுந்த வலையிலிருந்து உருவிய நைலான் நூல், ஒரு மூங்கில் கம்பு, ஒரு இரும்பு முள், நாலாவிலேயே பிடித்த ஒரு இறால். அவர் கீழ்ப்பக்கத்திலிருந்து குனிந்து போனார், நிழல் விழாமல் மண்டியிட்டார், வேருக்கடியில் இரையை மிதக்க விட்டார். மீன் கவ்வியது. முழங்கை நீளம் இருக்கும் என்று கணித்தார். கம்பு ஒடிந்தது, நூலை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டார். வீட்டில் ஒச்சம்மா குழம்புக்குத் தேங்காய் அரைத்து வைத்தாள். சாயங்காலம்வரை மீனும் வரவில்லை, மனுஷனும் வரவில்லை. அரைத்த மசாலா புளித்துப் போய்க் கொட்ட வேண்டியதாயிற்று.

மறுநாளும் அவர் நின்றார், மறுவாரமும் நின்றார். முதலில் ஊர் சிரித்தது, பிறகு யோசனை சொன்னது, பிறகு அவர் தலைக்கு மேல் நாலு கம்பு நட்டு ஒரு தகரத்தைப் போட்டுக் கொடுத்தது. ஒச்சம்மா வேளைக்கு வேளை சோறு கொண்டுவந்து ஊட்டினாள், இடது கையால் அவரே சாப்பிடக் கற்றுக்கொள்ளும்வரை. நின்றுகொண்டே தூங்கினார். காலில் பாசி படர்ந்தது, சுதா சனிக்கிழமைதோறும் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டாள். மீன் வளர்ந்தது. ஒரு வருஷத்தில் ஆள் நீளம், மூன்று வருஷத்தில் ஒரு சிறு படகு நீளம். நாலா மட்டும் அதே ஒரு எட்டு அகலத்தில்தான் இருந்தது. மீனுக்குத் திரும்பக்கூட இடமில்லை. தண்ணீர் அதன் விலாவைச் சுற்றிக்கொண்டு ஓடியது. அது கிடந்த இடத்தில் நாலா நுவரெலியாவைப் போலக் குளிர ஆரம்பித்து, காலை வேளைகளில் தோட்டத்தின் அந்த மூலையில் பனி மூட்டம் போட்டது. சுனாமி நிவாரணத்துக்கு மெயின்லேண்டிலிருந்து புண்ணியவான்கள் யாரோ மூட்டை மூட்டையாக ஸ்வெட்டர் அனுப்பியிருந்தார்கள். வியர்த்துக் கொட்டுகிற நிக்கோபாரில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் மூலையில் போட்டிருந்தார்கள். இப்போது ஐயாவைப் பார்க்கப் போகிறவர்கள் ஆளுக்கொன்று மாட்டிக்கொண்டு போனார்கள். உதவி வீண் போகவில்லை.

விடுவிக்கவும் முயன்றார்கள். பால்வெட்டுக் கத்தியோடு நூலை அறுக்க வந்த பக்கத்து அறை நல்லதம்பி, ஐயாவு அழுத அழுகையைப் பார்த்து, கத்தியைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டு போய்விட்டான். பத்துப் பேர் சேர்ந்து இழுத்துக் கரையேற்றலாம் என்றால் அதற்கும் அவர் நூலில் யார் கையையும் வைக்க விடவில்லை. பக்கத்து நிக்கோபாரி கிராமத்து கேப்டன், அதாவது ஊர்த் தலைவர், ஒரு நாள் வந்து, மத்தியானம் முழுவதும் எதிரே உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர்கள் விருந்துக்குப் பன்றி வெட்டும்போதெல்லாம் இவர்களுக்கு ஒரு பங்கு வந்தது. ஒச்சம்மா மட்டும் தினமும் கெஞ்சினாள்.

“விட்டுட்டு வாங்கங்க. ஒரு மீனுக்குப் போயி இப்பிடியா? சாவுக்கும் வாழ்வுக்கும் எனக்கு ஆளு வேணாமா?”

“ஒரு தடவ விட்டாச்சு,” என்றார் ஐயாவு. “போதும்.”

முகாமில் கேட்ட கேள்விக்கு இத்தனை வருஷம் கழித்துப் பதில் வந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. இவரை இங்கே நிறுத்தியது மீன் இல்லை, தன்னுடைய வாய் என்று நினைத்துத் தகர ஷெல்டருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மறுவேளைக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனாள்.

2009இல் சுதாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை யோகராஜ் கமோர்ட்டா தீவில் பவர்ஹவுஸ் வேலையில் இருந்தான். பெண்ணின் அப்பா நாலாவை விட்டு வரமாட்டார் என்றதும், மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் முறுக்கிக்கொண்டார்கள், பிறகு பந்தலை நாலாவுக்குப் பக்கத்திலேயே போட ஒத்துக்கொண்டார்கள். ஐயாவு ஒரு கையில் நூலும் மறு கையில் மகளின் கையுமாக நின்று தாரை வார்த்துக் கொடுத்தார். வார்த்த தண்ணீர் நாலாவில் விழுந்தது, மீன் ஒரு முறை செவுளை அசைத்தது. விருந்தாளிகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெண்பொங்கல் சாப்பிட்டார்கள். புது மாப்பிள்ளை கெட்டிக்காரன், சுனாமியில் வீடு போனவர்களுக்குப் புது வீடு கட்ட வந்திருந்த ஜேசிபியைப் பேசிக் கூட்டிவந்தான், கரையைத் தோண்டி மீனை எடுத்துவிடலாம் என்று. டிரைவர் இறங்கி, தண்ணீரில் கையை விட்டுப் பார்த்து, மீனின் கண்ணையும் பார்த்துவிட்டு, வண்டியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மாவைத் தன்னோடு கமோர்ட்டாவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சுதா அழைத்தாள். அப்பாவுக்கு யார் சோறு போடுவது என்று ஒச்சம்மா கேட்டாள். சுதா கப்பலேறினாள்.

2011இல் போர்ட் பிளேரிலிருந்து ஸ்ரீநிவாஸ் என்ற மீன் ஆய்வாளர் வந்தார். ட்ரவுட் இந்தத் தீவில் இருக்கவே முடியாது என்று ஜெட்டியில் வைத்தே சொன்னார். நாலாவுக்கு வந்து மீனைப் பார்த்தார். பார்த்த பிறகும், இருக்கவே முடியாது என்றுதான் சொன்னார், ஆனால் குரல் இறங்கியிருந்தது. நல்ல மனுஷர். போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் வாங்கிய நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பல் தந்தியடிக்கத் தண்ணீருக்குள் தலையை விட்டு, மீனின் தலைப்பக்கம் போய் வாயை உற்றுப் பார்த்தார். வெளியே வந்து, நம்ப முடியாமல், இன்னொரு தடவை போய்ப் பார்த்தார்.

“சாச்சா, இதுல காண்ட்டா ஹீ நஹீ ஹை,” என்றார் தமிழும் இந்தியுமாக.

முள் இல்லை. வாயில் துருக்கறைகூட இல்லை, எப்போதோ உதிர்ந்துபோயிருக்கிறது. மீன்தான் நூலை வாயால் கவ்விப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எந்த நேரமும் வாயைத் திறந்து போய்விடலாம், போகவில்லை.

“தெரியும் சாப்,” என்றார் ஐயாவு. “முள்ளு போயி ரொம்ப காலம் ஆச்சு. இழுப்புலயே தெரிஞ்சிரும். அது விடல. நான் எப்பிடி விடுறது?”

சோற்றுத் தட்டோடு நின்றிருந்த ஒச்சம்மாவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து வராத கோபம் வந்தது. முள் இல்லை என்று தெரிந்தும் நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்திருக்கலாம். ராத்திரிகளில் தகரத்தில் மழை அடிக்கும்போது தனியாக உட்கார்ந்திருந்தாளே, அப்போது வந்திருக்கலாம். மகளை மாப்பிள்ளை வீட்டுக்குக் கப்பலேற்றிவிடக் கூட வந்திருக்கலாம். தட்டைக் கீழே போட்டாள். ஒரே எட்டில் நாலாவுக்குள் இறங்கி, அவர் தடுப்பதற்குள் அவர் உள்ளங்கையிலிருந்து நூலைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து, தண்ணீரில் வீசியெறிவதற்காகத் தன் கையில் பிடித்தாள்.

அப்போது மீன் இழுத்தது.

ஸ்ரீநிவாஸ் பிறகு பலரிடம் சொன்ன விவரம் இது. அந்த அம்மாள் முழங்கால் மடங்கித் தண்ணீரில் விழுந்தாள். நூல் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. எறிய வந்தவள் எறியவில்லை. இரண்டு கையாலும் பிடித்தாள், பல்லைக் கடித்தாள், உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்துக்கொண்டு பிடித்தாள், அப்படியும் நூல் விரல்களுக்கிடையே நழுவிக்கொண்டே போனது. நழுவுவதைப் பார்த்துக்கொண்டு அவள் “ஐயோ, போகுதே, போகுதே” என்று கத்தினாள். ஐயாவு பின்னாலிருந்து தன் கைகளை அவள் கைகளின் மேல் வைத்து இறுக்கினார். நூல் நின்றது. இருவரும் மூச்சு வாங்கினார்கள். ரத்தம் கலந்த தண்ணீர் கீழே ஓடிப்போனது.

“இவ்வளவு வேகமாவா இழுத்துச்சு?” என்று ஒச்சம்மா கேட்டாள். அவள் கேட்டது மீனைப் பற்றி இல்லை.

“ஆமா,” என்றார் ஐயாவு.

“எனக்குத் தெரியாதுங்க,” என்றாள் அவள். “சத்தியமா எனக்குத் தெரியாது.”

இழுப்புத் தணிந்ததும் அவரைக் கரையேறச் சொன்னாள். அவர் ஏறி உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே சாய்ந்து தூங்கிப்போனார். மறுநாள் மத்தியானம்வரை எழுந்திருக்கவில்லை. ஒச்சம்மா பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்ரீநிவாஸ், கண்ணாடியைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கச்சாலில் ட்ரவுட் இல்லை என்று மேலிடத்தில் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

அன்றிலிருந்து பகலில் அவள், இரவில் அவர். ஐயாவு பழையபடி பால் வெட்டப் போகிறார். இரவில் ஒச்சம்மா புதிதாகக் கிடைத்த வீட்டில் படுத்துத் தூங்குகிறாள். இருவரும் சேர்ந்து நிற்பது இடையில் கைமாற்றுகிற நேரத்தில் மட்டும்தான். அப்போது யாருக்கும் அவசரம் இருப்பதில்லை. மீன் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. அதைக் கரையேற்றுவது பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. அந்த வழியாகத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் நூலுக்குக் கீழே குனிந்து, “சாப்பிட்டாச்சா அக்கா?” என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். ஆச்சு என்கிறாள் ஒச்சம்மா.